சூளகிரி மேடும் ஒரு பின் ஆக்சிலும்

லாரியின் பின் ஆக்சில் தன் நோவைத் தானே வாய்விட்டுச் சொல்லும். லாரிக்காரர் அதைவிடச் சத்தமாகப் பேசுவதால்தான் அது யார் காதிலும் விழுவதில்லை.

கணவரோடு அவர் தொழிலையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வக்கீல் பெண்டாட்டிக்குக் கட்சிக்காரர் தொல்லை, டாக்டர் பெண்டாட்டிக்கு நோயாளி தொல்லை. எனக்கு லாரி. குருபரப்பள்ளியில் பெங்களூர் ரோட்டோரம் முன்னால் பட்டறை, பின்னால் வீடு. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது, "அம்மா, வண்டி வந்திருக்குது, ஏறி உக்காருங்க" என்று கூப்பிடுவார்கள்.

நான் ஏன் ஏறி உட்கார வேண்டும் என்றால், என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. சண்டைக் காலத்தில் மிலிட்டரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆக்சிலைப் பிரித்துக் கோப்பதில் அவருடைய கை தங்கக் கை. ஆனால் பக்கத்தில் ஏதோ வெடித்ததில் இரண்டு காதும் போய்விட்டன. அருகில் போய்க் கத்தினால் ஓரளவு விளங்கும். ஓடுகிற லாரியின் அடியில் எது முனகுகிறது என்று விளங்குமா? அதனால் காது என் பொறுப்பு, கை அவர் பொறுப்பு. கான்வென்டில் படித்த இங்கிலீஷும் வீணாகவில்லை. மெஷின் புத்தகங்களை நான் படித்துச் சொல்ல, அவர் என் உதட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

பின் ஆக்சில் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு இரும்புப் பானை தொங்குகிறதே, அதற்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பெரியது கிரௌன், சின்னது பினியன். எஞ்சின் சின்னதைச் சுற்றுகிறது, சின்னது பெரியதைச் சுற்றுகிறது, பெரியது லாரியையே நகர்த்திவிட்டதாகப் பெயர் வாங்கிக்கொள்கிறது. நம் வீடுகளில் நடப்பதுதான்.

பட்டறை தொடங்கியபோது சேலத்தில் நெல் மில் வைத்திருக்கும் கணவரின் அண்ணன் ஒரு வருஷம் கெடு வைத்தார். அதற்குள் பட்டறை கால் ஊன்றாவிட்டால் தம்பி மில்லுக்கு வந்துவிட வேண்டும். தம்பி மில்லுக்குப் போனால் நான் ஓரகத்தியின் அடுப்படிக்குப் போக வேண்டும். அந்த அம்மாள் உப்பு ஜாடியைக்கூடப் பூட்டி வைக்கிறவர். கெடு முடிவதற்குள் இந்த ரோட்டில் ஓடும் லாரிக்காரர்கள் என் காதை நம்பியாக வேண்டும். அந்த ஒரு வருஷத்துக் கூத்துகள்தான் இவை.

எல்லை தாண்டினால் கத்துகிற லாரி

முதலில் வந்தவர் மாதையன் என்ற டிரைவர். அவர் சொன்ன புகாரைக் கேட்டு ரோடே சிரித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போகும்போது லாரி வாயைத் திறப்பதில்லையாம். பெங்களூரிலிருந்து திரும்பும்போது மட்டும் பின்னால் ஊளையிடுகிறதாம். நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர் ராஜ்யத்தில் கடை திறந்திருக்கிறது. போகும்போது கேட்காத சத்தம் வரும்போது கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? "சத்தம் ஆக்சில்ல இல்ல, மாதையன் தலையில" என்று டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். முதலாளியும் அதையே நம்பி வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்.

எனக்கு டீக்கடைத் தீர்ப்பு என்றாலே ஆகாது. ஓசூர் மேட்டு நிலம், கிருஷ்ணகிரி பள்ளம். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். ஏற்றத்தில் கால் மிதியை விட்டு எழுவதில்லை, எஞ்சின் லாரியைத் தள்ளுகிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிடுகிறோம், லாரி எஞ்சினைத் தள்ளுகிறது. அப்போது பற்களின் முதுகுப்பக்கம் உரசும். காலை எடுத்தால் மட்டும் ஊளை என்றால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏறி உட்கார்ந்து ஓர் இறக்கத்தில் காலை எடுக்கச் சொன்னேன். எழுந்த ஊளையில் நரி தோற்றது. பட்டறைக்குத் திரும்பி, கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஆட்டிக் காட்டினேன். எங்கள் பாஷையில் அது 'பேரிங் தளர்வு'. அவர் பிரித்தார், பேரிங் லொடலொடவென்று கையோடு வந்தது.

முதலாளிக்கு நானே ஆள் அனுப்பிச் சொல்கிறேன் என்றேன். மாதையன் கையெடுத்துக் கும்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சத்தம் நெசம்னு மட்டும் சொல்லுங்கம்மா. நான் குடிக்கலைன்னு சேத்துச் சொல்லிடாதீங்க, அது பொய்யாப் போயிடும்."

உடம்புச் சூடு

கல்லாவியிலிருந்து பெரியண்ணன் என்ற நிலக்கடலைக்காரர் வந்தார். கடலை நன்றாக விளைந்த வருஷத்தில் பழைய லாரி ஒன்று வாங்கிவிட்டார். ஊத்தங்கரை சந்தைக்குப் போய் வந்தால் ஆக்சில் பானை தொட முடியாமல் கொதிக்கிறது, கரகரவென்று அரைக்கிறது என்றார். எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாவே வுட்டிருக்கறேன்" என்றார். என்ன எண்ணெய் என்று கேட்டதும் போய் டயரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்காரர் அடியில் மூடியைத் திறந்தார். எண்ணெய் சொட்டவில்லை. பால் திரிந்தது போல ஏதோ ஒன்று கட்டிகட்டியாக எட்டிப் பார்த்தது. நான் மோந்து பார்த்தேன். பிள்ளைப் பருவத்தில் மூக்கைப் பிடித்துக் குடித்த எல்லோருக்கும் தெரிந்த வாசனை. விளக்கெண்ணெய்! இருந்த எண்ணெயின் மேலேயே ஒரு படி ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேராது. திரிந்து கட்டியாகி, பல்லுக்கு ஒன்றும் எட்டாமல் பண்ணிவிட்டன. "ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள்?" என்று கத்தியே விட்டேன். அவர் என்னைத்தான் விவரம் தெரியாதவள் போலப் பார்த்தார். "சூடு புடிச்சா எண்ணெய் வெக்கறதுதானம்மா வழக்கம்? தலைக்கும் வெக்கலாம்னு பாத்தேன், லாரிக்குத் தலை எதுன்னு தெரியல."

வளைவில் உருளும் ஒன்று

அணைக்கட்டு வேலையாக வந்திருந்த ஓவர்சியர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். தொப்பி, பூட்ஸ், நுனி நாக்கு இங்கிலீஷ். உள்ளே ஆண்பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்றார். இருக்கிறார், ஆனால் நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது, எனக்குக் கேட்டுத் தொலைகிறது, சொல்லுங்கள் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். நேர் ரோட்டில் சத்தமில்லை, வளைவில் திரும்பினால் 'டொக்'. வளைவில் வெளிச் சக்கரம் அதிகம் சுற்றும், உள்சக்கரம் குறையச் சுற்றும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டச் சின்னப் பல்சக்கரங்கள் உள்ளே இருக்கின்றன. அவை போய்விட்டன என்று தாமே முடிவு கட்டி, ஆக்சில் முழுவதையும் பிரிக்கச் சொன்னார்.

உட்கார்ந்து பார்க்காமல் பிரிக்க விடுவேனா? முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. பல்லில் வரும் சத்தம் உள்ளங்காலில் ஏறும். இது முதுகுக்குப் பின்னால் உருண்டது. நிறுத்தி, பின் சீட்டைத் தூக்கினேன். வெண்கலச் சொம்பு ஒன்று, கொட்டைப்பாக்கு அளவு ஒரு நசுங்கலோடு. மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. இங்கிலீஷ் எங்கே போயிற்றோ, தமிழில் சொன்னார்: "இந்தச் சொம்பைத் திருடிட்டாள்னுதான் பாத்திரம் தேய்ச்ச பொம்பளையைப் போன வாரம் நிறுத்தினோம்."

வேகமா, இழுவையா

இப்படிச் சில்லறை வேலைகளாக வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் சிரித்தபடி போனார்கள், ஆனால் பெரிய வேலை எதுவும் வரவில்லை. சேலத்து அண்ணன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் கட்டில் மில் வீட்டு அறைக்குள் நுழையுமா என்று முழம் போட்டு அளந்துவிட்டே போனார். அந்தச் சமயத்தில்தான் வெங்கடப்பா வந்தார்.

சூளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். புளியந்தோப்பை விற்று ஏலத்தில் ஒரு மிலிட்டரி லாரி எடுத்திருந்தார். பெங்களூரில் கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கல் அனுப்பும் குவாரிக் கவுடர் அவரிடம் ஒரு பேச்சு பேசியிருந்தார். லாரிக்குப் பின்னால் கல் ஏற்றிய டிரெய்லரைக் கட்டி, சூளகிரி மேட்டை ஒரே மூச்சில், நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். காட்டினால் வருஷம் முழுவதும் கல் ஏற்றும் வேலை வெங்கடப்பாவுக்கு. கவுடருடைய சொந்த லாரிகளின் ஆக்சில் வேலை முழுவதும் எங்களுக்கு. வழியில் நின்றால் இரண்டும் போட்டிக்கு நிற்கும் பெங்களூர்க் கம்பெனிக்கு. தோப்பும் இல்லாமல், கல்லும் இல்லாமல் வெங்கடப்பா என்ன செய்வார்? நான் என்ன செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். உப்பு ஜாடியின் சாவிக்குக் கை நீட்டுவேன்.

மனிதர் வந்ததும் வராததுமாக, "நாலரை போடுங்கம்மா, வண்டி பறக்கணும்" என்றார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் கணக்கு. அவர் லாரியில் இருந்தது ஐந்தரை. நாலரை போட்டால் ஓட்டம் கூடும், இழுவை குறையும். கல்லைக் கட்டிக்கொண்டு எங்கே பறப்பது? "கிணற்றில் பெரிய குடம் விட்டால் தொட்டி சீக்கிரம் நிறையும், ஆனால் முதல் குடத்திலேயே தோள் கழன்றுவிடும். சின்னக் குடமாக இறைத்தால் நேரமாகும், தோள் பிழைக்கும். உங்கள் எஞ்சினுக்கு அவ்வளவு தோள் கிடையாது. ஏழு போடுகிறோம்" என்றேன்.

"வேகமும் வேணும், இழுவையும் வேணும். நடுவுல ஒண்ணு இல்லையா?"

"நடுவில் இருப்பதுதான் இப்போது உங்களிடம் இருக்கிறது. வெறும் புளி மூட்டைக்கே மேட்டில் நின்று, இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்தார்களாமே?"

முகம் கறுத்துவிட்டது. என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் போய் நாலு விரலை நீட்டி, ஐந்தாவதைப் பாதி மடக்கிக் காட்டினார். அவர் வெங்கடப்பாவைப் பார்த்தார், டிரெய்லரை நினைத்துக்கொண்டார், பதிலுக்கு ஏழு விரலை நீட்டினார். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்பதை நம்புகிறவர்கள் நம்பலாம். வெங்கடப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவருக்குக் காது கேக்கல. உங்களுக்கு அடுத்தவங்க பேச்சே கேக்கல. இந்தப் பட்டறையில நான் யார்கிட்டதான் பேசறது?"

குங்குமப் பொருத்தம்

ஆனாலும் வண்டியை விட்டுவிட்டுத்தான் போனார். ஏல லாரிகளிலிருந்து பிரித்தெடுத்த சாமான்களில் எங்களுக்கு அந்த ஏழுக்கான பல்சக்கர ஜோடி கிடைத்தது. புதிதாகக் கிரௌனும் பினியனும் கோக்கும்போது பல்லில் சிவப்பு மை பூசி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். மை பல்லின் நடுவில் அழிந்திருந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் அழிந்திருந்தால் நாளைக்கே ஊளை. பாதி வேலையில் மை டப்பா காலி. அன்றைக்கு அமாவாசை, கிருஷ்ணகிரியில் கடை அடைப்பு. காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? பூஜை அலமாரியிலிருந்து குங்குமத்தைக் கொண்டுவந்து நல்லெண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். அச்சாக விழுந்தது.

அந்த நேரம் பார்த்து வெங்கடப்பா மனைவியோடு வந்து நின்றார். கிரௌன் முழுக்கக் குங்குமம். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துப் பெட்ரோல் டின் பக்கத்திலேயே வைத்துக் கொளுத்தப் போனார்! பாய்ந்து பிடுங்கினேன். இது பூஜை இல்லை, பொருத்தம் பார்க்கிறோம் என்று விளக்கினேன். பொருத்தம் என்றதும் பக்தி இன்னும் கூடிவிட்டது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பானைக்குள் வைத்து மூடி, கடைசி நட்டை முடுக்கினார். அந்த அம்மாளுக்கு மனசே ஆறவில்லை. "சாமிய உள்ள வெச்சி மூடிட்டீங்களே, வெளிய இருந்தா போறவங்க வர்றவங்க கும்புடுவாங்கல்ல?"

சூளகிரி மேடு

சோதனை நாள் வந்தது. ஓட்டியது வெங்கடப்பா, பக்கத்தில் நான். பின்னால் டிரெய்லரில் கல்லின் மேல் என் வீட்டுக்காரர். வண்டி பின்னுக்கு நழுவினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் பின்னால் கவுடரின் கார். வண்டி நின்றால் அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு போய்ப் பெங்களூர்க் கம்பெனிக்குத் தந்தி அடித்துவிடுவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

சமதரையிலேயே புலம்பல் தொடங்கிவிட்டது. ஆக்சில் பல் மாறினால் வேகம் காட்டும் முள்ளுக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே கூட்டிக் காட்டும். "முள்ளு முப்பது காட்டுது, பஸ்ஸு முந்திகினு போவுது. யாரும்மா பொய் சொல்றது?" என்றார். ரோட்டைப் பாருங்கள் என்றேன்.

மேடு வந்தது. இரண்டாவது கியரில் லாரி ஏறியது. அழகு ஒன்றுமில்லை, வேகம் ஒன்றுமில்லை, ஆனால் எஞ்சின் திணறவில்லை. பாதி மேடு போயிருப்போம். பின்னாலிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு முனகல் எழுந்தது. அதுவரை இல்லாத சத்தம். வெங்கடப்பா கத்தினார்: "அய்யோ தேவுடா! ஆக்சில் போச்சி! நிறுத்தறேன்!"

நிறுத்தினால் கவுடர் போய்விடுவார். நிறுத்தாமல் போய்ப் பல் உடைந்தால், டிரெய்லர் லாரியையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து ஓடும். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சத்தம்கூடக் கேட்காது. பயப்படலாம்தான். ஆனால் அதற்கு அப்போது நேரமில்லை.

"நிறுத்தாதீர்கள். மிதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ம், மறுபடி மிதியுங்கள்."

செய்தார். எஞ்சின் சத்தம் இறங்கி ஏறியது. முனகல் மட்டும் அசையவில்லை, ஒரே சுருதியில் நின்றது. ஆக்சில் பல்லாக இருந்தால் பாரம் கூடிக் குறையும்போது அதன் குரலும் மாறியாக வேண்டும். இது மாறவில்லை.

"இடது பக்கச் சக்கரங்களை ரோட்டை விட்டு மண்ணில் இறக்குங்கள்."

"மேட்டுல, இம்மாம் பாரத்தோட, மண்ணுல எறக்கறதா? எங்கயாவது புதைஞ்சா? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"புதையாது, கெட்டி மண். இறக்குங்கள் என்றால் இறக்குங்கள்!"

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அதட்டுகிற குரல் அது. கை தானாகத் திரும்பியது. இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கியதும் லாரி ஒரு குலுக்கு குலுங்கியது, டிரெய்லரும் அப்படியே. முனகல் பாதியாகக் குறைந்தது. மறுபடி ரோட்டில் ஏறினோம், முழுச் சத்தமும் திரும்பி வந்தது. அவ்வளவுதான். டிரெய்லருக்குக் கவுடர் புதிதாகப் போட்டிருந்தது மிலிட்டரி டயர், விரல் கனத்துக்குக் கட்டை கட்டையாகப் பல். மேட்டின் பாதியிலிருந்து ரோட்டுக்கும் புதிதாகத் தார். வழவழப்பான தாரில் அந்தக் கட்டைகள் தட்டித் தட்டிப் போகிற சத்தம். ஆக்சில் வாயே திறக்கவில்லை.

"டயர்! ஓட்டுங்கள்!" என்றேன். அவர் நம்பினாரோ, என் முகத்துக்குப் பயந்தாரோ, ஓட்டினார். மேட்டின் தலைக்கு ஏறி, சமதரையில் புளியமரத்து நிழலில்தான் வண்டி நின்றது. இறங்கித் திரும்பிப் பார்த்தால், கவுடரின் காரைக் காணோம்.

வெங்கடப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போயிட்டாரு. மண்ணுல எறங்கினதைப் பாத்து வண்டி நின்னுப்போச்சின்னு நெனச்சிட்டாரு. உங்க காதை நம்பி என் பொழப்பு போச்சி. தோப்பையாவது வெச்சிருந்திருப்பேன்" என்று என்னென்னவோ சொன்னார். வீட்டுக்காரர் கல்லின் மேலிருந்து இறங்கி, என்ன என்று கண்ணால் கேட்டார். கார் போய்விட்டது என்று கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, சிரித்தபடி ரோட்டின் வளைவைக் காட்டினார். உயரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வளைவில் ஒரு தலைப்பாகை எழுந்தது. அப்புறம் கவுடர் எழுந்தார், பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, நடந்து. அவருக்கும் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் வேகத்துக்கு மேடு முழுவதும் ஊர்ந்து வந்ததில் புதுக் கார் கொதித்து நின்றுவிட்டது. கவுடர் டிரெய்லரை ஒருமுறை சுற்றி வந்தார். ஆக்சில் பானையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை எடுக்கவில்லை, சுடவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "அம்மாவரே, நாளையிலிருந்து என் லாரி எல்லாத்துக்கும் இதே ஏழு போடுங்க, கல்லு வெங்கடப்பாவுக்குத்தான். இப்போ ஒரு நல்ல கயிறு இருந்தா, அந்தக் காரையும் பின்னால கட்டிக்கிட்டுப் போயிடலாம்."

காது கேட்காத கணவரும் வாய் ஓயாத மனைவியும் சேர்ந்தால் ஒரு தொழில் உருப்படாது என்று சொல்பவர்கள், மற்ற வீடுகளெல்லாம் எப்படி ஓடுகின்றன என்று முதலில் விசாரித்துவிட்டு வரட்டும்.